விழித்துக்கொண்ட நட்சத்திரமும் கூரை உருளும் என் கொட்டகையும்

ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். மூன்று செத்த ஜீப்புகளைப் பிரித்து, ஓடுகிற ஜீப் ஒன்று செய்தேன். அது இன்றும் மூணாறு சந்தைக்குப் போய் வருகிறது. தோட்டத் தொழிலாளர் லயத்தில் ஒரு வீட்டுக்கும் மின்சாரம் இல்லாத காலத்தில், ஓடையில் சக்கரம் ஒன்றை இறக்கி என் வீட்டில் பல்பு எரிய வைத்தேன். எஸ்டேட் துரை வந்து பார்த்து, யாரைக் கேட்டுச் செய்தாய் என்று சத்தம் போட்டுவிட்டு, மறுவாரம் தன் பங்களாவுக்கும் ஒன்று செய்யச் சொன்னார். தேயிலைப் பேக்டரியில் முப்பத்திரண்டு வருஷம் பிட்டர் வேலை. வெளியூர் இன்ஜினியர்கள் கைவிட்ட, தேயிலை உலர்த்தும் டிரையரை மூன்றே நாளில் ஓட வைத்தேன். வேலையை விட்டபின், யானை வழி என்று எல்லாரும் பயந்து ஒதுக்கிய நாற்பது சென்ட் மேட்டைச் சின்னக்கானலில் வாங்கினேன். நிலப் பட்டயத்துக்காக வில்லேஜ் ஆபீஸ் படியை ஒன்பது வருஷம் தேய்த்தேன். நானே கல் உடைத்து, நானே கட்டி, சுற்றுலா வருகிறவர்கள் தங்க நான்கு அறை எழுப்பினேன். கடைசியாக அந்த மேட்டு உச்சியில், கூரை முழுவதும் தண்டவாளத்தில் உருண்டு விலகும் கொட்டகை ஒன்று கட்டினேன். அதற்குள் ஒரு தொலைநோக்கி நிற்கிறது.

அந்தத் தொலைநோக்கி பார்த்த ஒரு நட்சத்திரத்தைப் பற்றி இப்போது ஆராய்ச்சிக் கட்டுரை எழுதிக்கொண்டிருக்கிறார்கள். அதில் என் பெயர் இருக்குமா, இருக்காதா என்பது இதை எழுதும் இந்த நிமிடம் வரை முடிவாகவில்லை. டிரையரை ஓட வைத்தபோது பேக்டரிச் சுவரில் ஒரு பலகை பதித்தார்கள். அதில் இன்ஜினியர் பெயர் இருந்தது. அப்போது எனக்கு முப்பது வயது, போகட்டும் என்று விட்டேன். இப்போது எழுபத்தொன்று. விடுவதாக இல்லை. நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன், படிக்கிறவர்களே சொல்லட்டும்.

நான்கு வருஷம் முன்பு ஓணம் லீவில் ஒரு டீச்சர் எங்கள் அறையில் வந்து தங்கினார். பாலக்காட்டுக்குக் கிழக்கே, சித்தூர்ப் பக்கம் தோப்பும் வயலும் உள்ள குடும்பம். கல்லூரியில் இயற்பியல் சொல்லிக் கொடுக்கிறவர். வயது நாற்பத்தைந்தைத் தாண்டியிருக்கும். மற்ற விருந்தாளிகள் தேயிலைக்குள் நின்று படம் எடுத்துக்கொண்டிருந்தபோது, அவர் மட்டும் இருட்டும் வரை காத்திருந்து சமையலறைக்கு வந்தார்.

"ஏனுங்கண்ணா, அந்த முத்தத்து பல்பக் கொஞ்சம் அமத்திப் போடறீங்களா?"

யானை வரும் இடம், விளக்கை அணைக்க முடியாது என்றேன். ஐந்து நிமிஷம் போதுங்க என்றார். அணைத்தேன். ஐந்து நிமிஷம் ஒரு மணி நேரம் ஆனது. அவர் அண்ணாந்தபடியே நின்றார். கல்லூரியில் பெரிய தொலைநோக்கி ஒன்று வாங்கி வைத்திருக்கிறார்களாம். பாலக்காட்டுச் சமவெளியில் தூசியும் வெளிச்சமும் அதிகம், அதனால் அது பெட்டிக்குள்ளேயே கிடக்கிறதாம். வேலை பார்த்துக்கொண்டே டாக்டர் பட்டத்துக்குப் பதிவு செய்து ஏழு வருஷம் ஆகிவிட்டதாம். இங்கே வருஷத்தில் எத்தனை மாதம் வானம் தெளிவாக இருக்கும் என்று கேட்டார். டிசம்பரிலிருந்து மார்ச் வரை தைரியமாக நம்பலாம் என்றேன். எந்தக் காற்று நின்றால் அணைக்கட்டுப் பக்கமிருந்து பனிமூட்டம் ஏறும், எந்தக் காற்று அடித்தால் இரவு முழுக்கத் தெளிந்து கிடக்கும் என்றெல்லாம் சொன்னேன். அவர் அதை நோட்டில் எழுதிக்கொண்டார். நான் சொன்னதை ஒருவர் எழுதிக்கொள்வதை என் வாழ்நாளில் முதல்முறையாகப் பார்த்தேன்.

இரண்டு மாதத்தில் கல்லூரியின் அனுமதிக் கடிதத்தோடு வந்தார். மேட்டு உச்சியில் ஒரு கொட்டகை, கூரை விலக வேண்டும், நடுவில் தொலைநோக்கி நிற்க ஒரு தூண். இவ்வளவுதான் கேட்டார். அவர் வரைந்து கொண்டுவந்த படத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்துவிட்டு, என் மனதில் ஓடிய படத்தின்படி கட்டினேன். கொழுந்துப் பைகள் தலைக்கு மேலே தண்டவாளத்தில் தொங்கிக்கொண்டு போகுமே, மூடிப்போன ஒரு பேக்டரியின் ஏலத்தில் அந்தத் தண்டவாளமும் சக்கரங்களும் கிடைத்தன. கூரையை அந்தச் சக்கரத்தின் மேல் உட்கார வைத்தேன். ஒரு கையால் தள்ளினால் போதும், போய்விடும். தூணைத் தரையோடு சேர்க்காமல் சுற்றிலும் நான்கு விரல் இடைவெளி விட்டு, தனியாக ஆழம் தோண்டி நிறுத்தினேன். டீச்சர் வந்து அந்த இடைவெளிக்குள் கையை விட்டுப் பார்த்தார். அதைச் சொல்லத்தான் அன்று வந்தாராம். தரையில் ஆள் நடந்தால் தொலைநோக்கி அதிரக் கூடாது என்பது விதியாம். பேக்டரியில் கொழுந்து உருட்டும் மிஷினுக்கு நாங்கள் அப்படித்தானே அடித்தளம் போடுவோம்! இல்லாவிட்டால் கட்டடமே ஆடும். இதைப் புத்தகத்தில் படித்தா தெரிந்துகொள்ள வேண்டும்?

என் மச்சினன் ஜீப் ஓட்டுகிறவன். கொட்டகையைச் சுற்றி வந்து பார்த்தான். "அத்தான், கூரையே இல்லாமப் பாக்கதுக்குத்தான் இம்புட்டுச் செலவழிச்சுக் கூரை போட்டீகளா?" என்றான். இதைச் சின்னக்கானல் கடைத்தெரு முழுக்கச் சொல்லிச் சிரிக்க வைத்தான். சிரிக்கட்டும். அந்த வருஷ மழையில் அவன் வீட்டுக் கூரை ஒழுகியது. என் கொட்டகையில் ஒரு சொட்டு இறங்கவில்லை.

இனி அந்த நட்சத்திரத்தைப் பற்றிச் சொல்கிறேன். டீச்சர் சொன்னதை என் மொழியில் சொல்கிறேன், தப்பிருந்தால் தப்பு என்னுடையது. அது ஒன்றல்ல, ஜோடி. ஒன்று எரிந்து முடிந்த நட்சத்திரம். வெள்ளைக் குள்ளன் என்று பெயர். உருவத்தில் நம் பூமி அளவு, எடையில் கிட்டத்தட்டச் சூரியன் அளவு. மற்றது சிவந்த, மெலிந்த சாதா நட்சத்திரம். இரண்டும் சேர்ந்து நம் சூரியனுக்குள்ளேயே அடங்கிவிடும். அவ்வளவு நெருக்கத்தில் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு இரண்டு மணி நேரத்துக்குள் ஒரு சுற்று சுற்றி முடித்துவிடுகின்றன. இங்கிருந்து மூணாறு போய்த் திரும்பும் நேரம்! சிவந்ததன் உடம்பிலிருந்து வாயுவைக் குள்ளன் இழுத்துக் குடித்துக்கொண்டே இருக்கிறான்.

சாதாரணக் குள்ளனாக இருந்தால், இழுத்த வாயு அவனைச் சுற்றித் தட்டுப் போலச் சுழன்று மெதுவாக இறங்குமாம். டீச்சரின் குள்ளன் சாதாரணம் இல்லை. அவனிடம் பூமியின் காந்தத்தைப் போலக் கோடிக்கணக்கான மடங்கு காந்தம் இருக்கிறது. அதனால் தட்டும் கிடையாது, சுழலும் கிடையாது. வாயு நேராக அவன் காந்த முனையில் போய் விழுகிறது. இந்த இடத்தை எனக்குப் புரிய வைக்க டீச்சர் துப்பட்டாவை எடுத்தார், தட்டை எடுத்தார், ரப்பர் பேண்டை எடுத்தார். நான் எழுந்து போய் வீட்டிலிருந்த பழைய காந்தக் கட்டையைக் கொண்டுவந்து வைத்தேன்.

தேயிலை அரைக்கும் பல் உருளைகள் தேயத் தேயத் தூளில் இரும்புப் பொடி கலக்கும். சலிக்கும் இடத்தில் அதைப் பிடிக்க நீளக் காந்தம் வைத்திருப்போம். சாயங்காலம் அதைத் துடைக்கிறவனுக்குத்தான் தெரியும், பொடி காந்தம் முழுக்கவா ஒட்டும்? நடுவில் ஒன்றும் இருக்காது. இரண்டு முனையிலும் மீசை முளைத்தது போல விறைத்து நிற்கும். என் கட்டையில் இரும்புத் தூளைத் தூவிக் காட்டினேன். இதுதானே உங்கள் குள்ளன் என்றேன்.

டீச்சர் அந்த மீசையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு செல்போனை எடுத்துப் படம் பிடித்தார். அந்தப் படத்தைத்தான் பிறகு ஒரு பெரிய கருத்தரங்கில் திரையில் போட்டுக் காட்டினார். கைதட்டினார்களாம். படத்தின் ஓரத்தில் என் கட்டைவிரல் இருக்கிறது. நகத்தில் கிரீஸ்கூட இருக்கிறது.

அந்த முனையில் விழும் வாயு நொடிக்கு ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் வேகத்தில் வந்து முட்டுகிறது. முட்டிய இடம் பத்துக் கோடி டிகிரிக்கு மேல் கொதிக்கிறது. அவ்வளவு கொதித்தால் வருவது வெறும் வெளிச்சம் இல்லை, எக்ஸ்ரே. ஆமாம், எஸ்டேட் ஆஸ்பத்திரியில் நெஞ்சுக்கு எடுக்கும் அதே எக்ஸ்ரே. ஆனால் அதை நம் காற்று மண்டலம் உள்ளே விடாது. அதைப் பார்க்க வேண்டுமானால் வானத்துக்கு மேலேயே ஒரு கண் வேண்டும். அப்படிச் செயற்கைக்கோள் இருக்கிறது. உலகமெங்கும் ஆராய்ச்சிக்காரர்கள் அதற்கு வரிசையில் நிற்கிறார்கள். நம் டீச்சர் விண்ணப்பம் போட்டார், கிடைத்தும் விட்டது!

ஆனால் ஒரு நிபந்தனை. இந்த ஜாதி நட்சத்திரத்துக்கு ஒரு குணம் உண்டு. சில மாதம் சிவந்தது வாயு கொடுப்பதை நிறுத்திவிடும். குள்ளன் பட்டினியாக மங்கிக் கிடப்பான். தூங்குகிறான் என்று நாங்கள் சொல்லிக்கொள்வோம். தூங்குகிறவனைச் செயற்கைக்கோள் பார்த்து ஒரு பயனும் இல்லை. ஆகவே பிப்ரவரி முடிவதற்குள் தரையிலிருந்து பார்த்து, விழித்துவிட்டான் என்று நாங்கள் சொல்ல வேண்டும். சொன்னால் அந்த வாரமே செயற்கைக்கோள் திரும்பிப் பார்க்கும். சொல்லாவிட்டால் வாய்ப்பு வேறு யாருக்கோ போய்விடும். டீச்சரின் டாக்டர் பட்டத்துக்கு அதுதான் கடைசித் தவணை. பார்த்தே ஆக வேண்டிய கடைசி விஷயமும் அதுதான்.

ஜனவரி முழுக்கத் தினம் இருட்டியதும் கூரையைத் தள்ளி, அவர் சொல்லிக் கொடுத்தபடி கம்ப்யூட்டரில் நான்கு பொத்தானை அழுத்தி, பத்துப் படம் எடுத்துப் பாலக்காட்டுக்கு அனுப்புவது என் வேலை. அவருக்குக் கல்லூரி இருக்கிறது, தினம் மலையேற முடியாது. என்னை நம்பி விட்டார். அவருடைய வழிகாட்டி, தூர நகரத்தில் இருக்கும் ஒரு பேராசிரியர், ஆரம்பத்திலிருந்தே இதற்கு முகம் சுளித்தாராம். படிக்காத ஆள் கையில் கேமராவைக் கொடுப்பதா என்று கேட்டாராம்.

இப்போது என் தப்பையும் சொல்ல வேண்டும். மறைக்கிற பழக்கம் எனக்கு இல்லை.

ஜனவரிக் குளிரில் தொலைநோக்கியின் முன்கண்ணாடியில் பனித்துளி படியும். படிந்தால் படம் போயிற்று. டீச்சர் இதைப் பற்றி மிகவும் பயந்திருந்தார். நான் சிரித்தேன். ஈரத்தை விரட்ட எனக்கா சொல்லித்தர வேண்டும்? வாழ்நாள் முழுக்க டிரையரோடு குடித்தனம் நடத்தியவன். ஈரம் என்றால் சூடான காற்று, பேக்டரிக்காரனுக்கு வேறு பதில் தெரியாது. கொட்டகைக்குப் பின்னால் விறகு அடுப்பு ஒன்று கட்டி, தகரக் குழாய் வைத்து, சாயங்காலம் நான்கு மணியிலிருந்து கொட்டகைக்குள் சுடுகாற்றை ஊத வைத்தேன். உள்ளே கதகதவென்று இருந்தது. கண்ணாடியில் ஒரு துளி இல்லை. என் மனைவி விறகுக் கட்டுக் குறைவதைப் பார்த்துவிட்டு மேலே ஏறி வந்தாள்.

"ரூம்ல தங்குத ஆளுக வெந்நி கேட்டுக் கத்துதாங்க. இங்க நட்சத்திரத்துக்குக் குளிர் காயதுக்கு அடுப்பா?"

இது விஞ்ஞானம், உனக்குப் புரியாது என்று அனுப்பிவைத்தேன்.

ஒன்பது சாயங்காலம் அப்படிப் படம் அனுப்பினேன். பத்தாம் நாள் டீச்சர் போன் செய்தார். குரலே சரியில்லை. எல்லா நட்சத்திரமும் பஞ்சு மிட்டாய் மாதிரி உப்பிப்போய் இருக்கிறது, எதையும் அளக்க முடியவில்லை, உள்ளே கண்ணாடி நகர்ந்துவிட்டது போலிருக்கிறது என்றார். பேராசிரியர், அந்த ஆள் எதையோ திருகிவிட்டான் என்று சொல்லிவிட்டாராம். டீச்சர் அதை மறைக்கப் பார்த்தார், எனக்குப் புரிந்துவிட்டது. அன்று சோறு இறங்கவில்லை. எதையும் திருகவில்லை என்று எனக்குத் தெரியும். ஆனால் உப்பியது ஏன்?

மறுநாள் நான்கு மணிக்கு அடுப்பைப் பற்ற வைத்துவிட்டுக் குழாய்க்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். புகைபோக்கிக்கு மேலே எதிர் மலையைப் பார்த்தேன். மலை ஆடியது. தண்ணீருக்குள் கிடக்கிற மாதிரி நெளிந்தது. எனக்கு ஒரே நொடியில் பேக்டரி ஞாபகம் வந்துவிட்டது. டிரையர் வாய்க்கு இந்தப் பக்கம் நின்று அந்தப் பக்கச் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தால் முள்ளே தெரியாது, நெளியும். மணி பார்க்க வேண்டுமானால் நாலு அடி தள்ளிப் போக வேண்டும். முப்பத்திரண்டு வருஷம் பார்த்த விஷயம்! சுடுகாற்று கூரை வழியாக மேலே போகப் போக, அதன் வழியாக நட்சத்திரத்தைப் பார்த்தால் அது உப்பாமல் என்ன செய்யும்?

அடுப்பை அந்த இடத்திலேயே உதைத்து அணைத்தேன். கால் சுட்டது.

அப்படியானால் எது சரி? தேயிலையில் சூடு வைப்பது கடைசியில்தான். அதற்கு முன்பு பச்சைக் கொழுந்தைத் தொட்டியில் பரப்பி, அடியிலிருந்து வெறும் காற்றை ஊதி வாட்டுவோம். சூடும் இல்லாமல் அவசரமும் இல்லாமல் வெளிக் காற்றை மட்டும் ஊதுவோம். அந்த ஏலத்திலேயே வாங்கிய பழைய வாட்டத் தொட்டி மின்விசிறி ஒன்று வீட்டுக்குப் பின்னால் கிடந்தது. அதைக் கொட்டகைச் சுவரில் பதித்தேன். மூன்று மணிக்கே ஓட விட்டு, உள்ளே தேங்கிய பகல் சூட்டையெல்லாம் உறிஞ்சி வெளியே தள்ள வைத்தேன். இருட்டும்போது தொலைநோக்கியின் இரும்பைத் தொட்டால் வெளிக் குளிரும் அதுவும் ஒன்றாக இருந்தது. பனித்துளிக்கு, மலையேற வருகிறவர்கள் விட்டுப்போன படுக்கைப் பாயை வெட்டி, தொலைநோக்கியின் வாயைச் சுற்றி சட்டைக் கை மாதிரி நீளமாகத் தைத்தேன். தைத்தது என் மனைவி, வெட்டியது நான்.

அன்று எடுத்த படத்தில் நட்சத்திரங்கள் ஊசி குத்தின மாதிரி இருந்தன. டீச்சர் உடனே போன் செய்தார். அப்படி என்னங்க பண்ணீங்க என்று கேட்டார். நடந்த தப்பு முழுவதையும் சொன்னேன். அவர் திட்டவில்லை. பெரிய பெரிய மலை மேல் இருக்கும் பெரிய தொலைநோக்கிகளிலும் இதே மாதிரி விசிறி வைத்துத்தான் குளிர வைக்கிறார்கள், உங்களுக்கு யார் சொன்னார்கள் என்றார். தேயிலை சொன்னது என்றேன்.

பிப்ரவரி பிறந்தது. குள்ளன் தூங்கிக்கொண்டே இருந்தான். அவனை அடையாளம் கண்டுபிடிப்பது சுலபம். படத்தில் அவனுக்குப் பக்கத்தில் அண்ணன் தம்பி மாதிரி இரண்டு நட்சத்திரம் உண்டு. அந்த இரண்டில் சின்னவனைவிடவும் மங்கலாகக் கிடந்தான் நம் ஆள். தினம் பார்ப்பேன். பதினைந்தாம் தேதி போனது. இருபது போனது. மச்சினன் தினமும் கடையில் வைத்து, "என்ன அத்தான், ஒங்க ஆளு எந்திரிச்சானா, இல்ல நான் போய்த் தட்டி எழுப்பட்டுமா?" என்று கேட்பான். டீச்சர் கேட்பதையே விட்டுவிட்டார்.

இருபத்திரண்டாம் தேதி முதல் படம் திரையில் விழுந்தது. நான் கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்த்தேன். அண்ணனையும் தாண்டி நின்றான்! சந்தேகத்துக்கு இன்னொரு படம் எடுத்தேன், பத்தும் எடுத்தேன், பத்தோடு நிறுத்தாமல் இருபது எடுத்தேன். ஒவ்வொன்றிலும் கொஞ்சம் ஏறினான், கொஞ்சம் இறங்கினான். உயிர் வந்துவிட்டது. என்னால் உட்கார முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை. டீச்சரைக் கூப்பிட்டேன்.

"டீச்சர், ஒங்க ஆளு முழிச்சிட்டான்."

"ஏனுங்கண்ணா, வேற நட்சத்திரத்து மேல கேமராவ வெச்சுட்டீங்களாட்ட இருக்குதுங்க."

"எங்க வீட்டு மாட்ட விட்டுட்டு அடுத்த வீட்டு மாட்ட அவுத்துட்டு வருதவனா நான்? படத்தப் பாத்துட்டுப் பேசுங்க."

படம் போய்ச் சேர்ந்தது. போனில் விசைப்பலகை தட்டும் சத்தம் மட்டும் கேட்டது. அப்புறம் அவர் அழுகிறாரா சிரிக்கிறாரா என்று தெரியாத ஒரு சத்தம்.

"நெசந்தானுங்கண்ணா. எந்திரிச்சுட்டானுங்க."

அந்த இரவே செயற்கைக்கோள்காரர்களுக்குக் கடிதம் போனது. பேராசிரியர் இதற்குப் பத்து நாள் முன்பே ஆசையை விட்டுவிட்டாராம். தினம் கூரையைத் தள்ளியது யார்? அதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

நான்காம் நாள் செயற்கைக்கோள் எங்கள் பக்கம் திரும்பியது. அது பூமியைச் சுற்றிக்கொண்டே விட்டு விட்டுப் பார்க்கும், ஒரு பகலும் இரவும். இருட்டிய பின் மூன்று மணி நேரம் அதே சமயத்தில் நாங்களும் இங்கிருந்து பார்க்க வேண்டும். எக்ஸ்ரேயும் வெளிச்சமும் ஒரே நிமிஷத்தில் எப்படி ஏறி இறங்குகின்றன என்று பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதுதான் டீச்சரின் ஆராய்ச்சியே. அன்று டீச்சரே நேரில் வந்து நடத்துவதாக ஏற்பாடு. மதியமே கிளம்பிவிட்டார், மூணாறிலிருந்து மச்சினன் ஜீப்பில் ஏறினார்.

ஆறரை மணிக்கு மச்சினன் கூப்பிட்டான். எஸ்டேட் ரோட்டில் ஒற்றைக் கொம்பன் யானை நிற்கிறது, நடு ரோடு, முன்னாலும் போக முடியாது பின்னாலும் திருப்ப முடியாது, விளக்கை அணைத்துவிட்டு உட்கார்ந்திருக்கிறோம் என்று கிசுகிசுத்தான். அவன் குரலில் சிரிப்பு இல்லாமல் நான் கேட்டது அன்று ஒரு நாள்தான். டீச்சர் போனை வாங்கினார்.

"அண்ணா, நான் வந்து சேரமாட்டனாட்ட இருக்குதுங்க. நீங்களே நடத்திப் போடுங்க."

நடத்தினேன். தனி ஆளாக. விசிறி மூன்று மணியிலிருந்தே ஓடிக்கொண்டிருந்தது. கூரையைத் தள்ளினேன். தினம் எடுக்கும் பத்துப் படம் அல்ல, விடாமல் வரிசையாக எடுக்க வேண்டும். அதற்கான பொத்தான்களை டீச்சர் ஜீப்புக்குள் ஒளிந்திருந்தபடியே ஒவ்வொன்றாகச் சொன்னார். யானைக்குக் கேட்கக் கூடாது என்று மெதுவாகச் சொன்னார், எனக்குக் கேட்க வேண்டுமே என்று நான் போனைக் காதுக்குள் அமுக்கிக்கொண்டேன். பிறகு சிக்னல் போய்விட்டது.

ஏழரை இருக்கும், அணைக்கட்டுப் பக்கம் காற்று நின்றது.  காற்று நின்றால் முக்கால் மணியில் பனிமூட்டம் மேட்டைத் தொடும். கீழே பள்ளத்தில் வெள்ளையாக அது ஏறுவதைப் பார்த்துக்கொண்டே நின்றேன். ஏறியது, ஏறியது, என் அறைகளின் ஓட்டுக் கூரையைத் தொட்டது, அங்கேயே நின்றுவிட்டது. மேட்டு உச்சி அதற்கு மேலே தீவு மாதிரி இருந்தது. எல்லாரும் பயந்து வாங்காத மேடு! கீழே ரிசார்ட்டுகளின் வெளிச்சத்தையெல்லாம் மூட்டமே மூடிவிட்டது. அப்படி ஒரு இருட்டை அந்த மேட்டில் அதற்கு முன் நான் பார்த்ததில்லை.

எட்டரை மணிக்குத் திரையைப் பார்க்கிறேன், குள்ளனைக் காணோம். அண்ணன் இருக்கிறான், தம்பி இருக்கிறான், நடுவில் வெறும் கறுப்பு. ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் இடையில் சுவிட்சை அணைத்த மாதிரி போய்விட்டான். கை தானாகக் கம்ப்யூட்டருக்குப் போனது. ஐந்து நிமிஷம் முன்பு எதையாவது தட்டிவிட்டேனோ? பிட்டர் கையால் எதையாவது திருகாமல் இருக்க முடியாது. ஆனால் டீச்சர் ஒருமுறை சொல்லியிருந்தார், ஒவ்வொரு சுற்றிலும் சிவந்தது குறுக்கே வந்து சில நிமிஷம் குள்ளனை முழுசாக மறைக்கும், விழித்திருக்கும்போது அந்த மறைப்பை மேலேயும் கீழேயும் ஒன்றாகப் பிடித்தால் லாட்டரி என்று. இரண்டு கையையும் அக்குளில் வைத்து இறுக்கிக்கொண்டு நின்றேன். எண்ணிக்கொண்டே நின்றேன். பன்னிரண்டு படம் கழித்து, ஒரே தாவலில் பழைய பிரகாசத்தோடு வந்து நின்றான். நான் போட்ட கூச்சலில் கீழே என் மனைவி யானைதான் வந்துவிட்டது என்று தகரத்தைத் தட்ட ஆரம்பித்துவிட்டாள்.

அவர்கள் வந்து சேர்ந்தபோது பத்தரை. மூன்று மணி நேரம் முடிந்து, மூட்டமும் ஏறி, நான் கூரையை மூடியிருந்தேன். டீச்சர் ஜீப்பிலிருந்து இறங்கி ஓடி வந்து படங்களைப் பார்த்தார். என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார்.

ஒரு மாதம் கழித்து வரைபடத்தைக் கொண்டுவந்து எங்கள் சாப்பாட்டு மேசையில் விரித்தார். மேலே ஒரு கோடு, அது செயற்கைக்கோள் பார்த்த எக்ஸ்ரே. கீழே ஒரு கோடு, அது நான் எடுத்த வெளிச்சம். மறைப்பு வந்த அந்த நிமிஷத்தில் மேலேயும் பள்ளம், கீழேயும் பள்ளம், ஒரே கத்தியால் வெட்டின மாதிரி! வாயு வந்து முட்டும் அந்தச் சின்னப் புள்ளி குள்ளனின் உடம்பில் எந்த இடத்தில் இருக்கிறது என்பதை, அந்த இரண்டு பள்ளத்தின் ஓரங்களை வைத்து டீச்சர் கணக்குப் போட்டுச் சொல்லிவிட்டார். வேலைக்கு ஆள் கூட்டி வந்த கங்காணி பின்னால் என் பாட்டன் இந்த மலை ஏறியதற்கும் முன்பே கிளம்பிய வெளிச்சம் அது. மேலே ஒரு கண்ணில் விழுந்தது, கீழே என் கொட்டகையில் விழுந்தது. வேறு எங்கும் அந்த நிமிஷத்தைப் பிடித்தவர் கிடையாது.

கட்டுரையின் முதல் நகல் போன வாரம் வந்தது. ஆங்கிலத்தில் இருந்தது, டீச்சரை வாசித்து அர்த்தம் சொல்லச் சொன்னேன். டீச்சர் பெயரும் பேராசிரியர் பெயரும் இன்னும் மூன்று பேர் பெயரும் மேலே இருந்தன. கடைசியில் நன்றி சொல்லும் இடத்தில், உள்ளூர்ப் பராமரிப்பாளருக்கு என்று ஒரு வரி. ஜனவரியின் அந்த ஒன்பது நாளைப் பற்றி, கருவிக் கோளாறு காரணமாகச் சேர்க்கப்படவில்லை என்று ஒரு வரி. டீச்சர் தலையைக் குனிந்துகொண்டே வாசித்தார். உங்கள் பெயரை ஆசிரியர் வரிசையில் போடத்தான் நான் எழுதியிருந்தேன், பேராசிரியர் எடுத்துவிட்டார், எந்த நிறுவனத்தையும் சேராத ஆளை எப்படிப் போடுவது என்கிறார் என்று சொன்னார். மறுபடியும் எழுதியிருக்கிறாராம். பதில் வரவில்லை.

பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்த என் மனைவி, "பாயத் தச்சதுக்கு எம்பேரு எங்க?" என்றாள். விளையாட்டாகத்தான் கேட்டாள். அதுவும் நியாயம்தான்.

ஐயா பேராசிரியரே, உங்களுக்குத்தான் சொல்லுகிறேன். நிறுவனம் இல்லை என்கிறீர்கள். தூணைத் தனியாக நிறுத்தியது எந்த நிறுவனம்? விழித்துவிட்டான் என்று முதலில் பார்த்த கண் எந்த நிறுவனத்துடையது? அந்தப் பன்னிரண்டு படம் வரைக்கும் எதிலும் கை வைக்காமல் நின்றது யார்? இன்னொன்றும் கேளுங்கள். தொலைநோக்கியில் கோளாறு ஒன்றும் இல்லை, அந்த வரியை எடுத்துவிடுங்கள். கொட்டகையில் சுடுகாற்று ஊதிப் படத்தைக் கெடுத்தவன் நான், காரணத்தைக் கண்டுபிடித்து விசிறி வைத்துச் சரிசெய்தவனும் நான். இரண்டையும் என் பெயரிலேயே எழுதுங்கள். பராமரிப்பாளர் என்ற சொல்லை அடித்துவிட்டு, டீச்சர் பெயருக்கு அடுத்தபடியாக என் முழுப் பெயரை, தகப்பன் பெயரின் முதல் எழுத்தோடு, பிழையில்லாமல் போடுங்கள்.